பதினேழாம் துண்டு

பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.
ஆறு மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு,
தண்ணிக் காசு வேறை.
புஸ்பகாந்தி அக்கா பற்றுச்சீட்டைக் கிழித்து
"உமக்குப் பதினேழு" என்றா.
ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்தவளைப்போல
கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

விசுவமடுவில், கூட்டுறவு அரிசி ஆலை நின்ற வளவு.
ஆலையில் மிச்சம் பின்சுவர் மட்டும்.
சுவரிலிருந்து நாற்பத்தைந்து அடி நீளம்,
முப்பது அடி அகலம்.
தையல் நாடாவால் அளந்து பார்த்தேன்:
அரைப் பரப்புக்குப் பதினொரு சதுர அடி குறைவு.
சொல்லவில்லை.
முதல் நாளே கணக்குக் கேட்டால்
சங்கத்தில் பெயர் கெட்டுவிடும்.

பதினெட்டாம் துண்டுக்காரர் கேட்டார்.
குணாளன் என்று பிறகுதான் தெரியும்.
நடுவில் கட்டியிருந்த நீலக் கயிற்றைக் காலால் தட்டி
"என்ரை பக்கம் அரையடி வந்திட்டுது" என்று
முளைகளைப் பிடுங்கி நகர்த்தி அடித்தார்.
எனக்கு இன்னும் இருபத்திரண்டரை போனது.

பலகையில் சட்டம்:
கொட்டில் போடக் கூடாது.
நின்று காய்க்கிற மரம் வைக்கக் கூடாது.
மூன்று கிழமை பார்க்காத துண்டு சங்கத்துக்கே.

எங்கடை காணிக்கு உறுதி இருக்கிறது,
பிளாஸ்ரிக் உறைக்குள், ரங்குப்பெட்டியின் அடியில்.
காணிதான் முள்ளுக்கம்பிக்கு அங்காலை.
பஸ்ஸில் போகும்போது தென்னைகள் தெரியும்.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
இங்கே
ஆறு மாதத்துக்குள் முடிகிற ஆசைகள் போதும்:
பச்சை மிளகாய், பயிற்றை,
ஓரமாய் ஒரு வரிசை கச்சான்.

புதனும் ஞாயிறும் பின்னேரம் ஐந்தே முக்கால்,
இருபது நிமிடம் மோட்டர் எனக்கு.
தொழிற்சாலை பஸ் பிந்திய புதன்களில்
என் தண்ணீரில் யாருடையவோ தக்காளி குளிக்கும்.

மாசியில் குணாளனைக் காணவில்லை.
கொழும்பில் கட்டட வேலை என்றார்கள்.
கடனுக்கு ஒளித்தவர் என்றும் சொன்னார்கள்.
இரண்டாம் கிழமை அவருடைய மரவள்ளி
இலைகளைத் தொங்கப்போட்டது.
எனக்கு அரையடிக் கோபம் ஆறவில்லை.
ஆனால் ஓஸ் பைப்பின் வாய்க்குக் கயிறு தெரியுமா?
மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினேன்,
அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை அக்கா கொப்பியோடு வந்தா.
"பதினெட்டில ஆள் வாறேல்லைப் போல?"
"இரவிலை வாறவர்."

வாய் சொன்ன பொய்க்குக்
கைதான் உழைக்கவேண்டி வந்தது.
பொய்க்குக் களை பிடுங்கினேன்.
பொய்க்கு மாட்டெரு சுமந்தேன்.
மரவள்ளிக்குள் குனிந்த ஒரு நாள்
கண்டேன்,
சாண் உயரத்தில் ஒரு பலாக்கன்று.
சுற்றிவர உடைந்த ஓடு.
மயில் கொத்தாமல் இலந்தை முள்.
தானாய் முளைத்ததோ, களவாய் நட்டதோ,
நிற்பது
அந்த அரையடிக்குள்.

ஆறு மாதக் குத்தகையில்
எட்டு வருசத்துக்குப் பிறகு காய்க்கிறதை
நம்பிவிட்டுப் போயிருக்கிறான் மனிசன்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு
கச்சானுக்கு வைத்திருந்த தண்ணீரில்
ஒரு வாளி.

சோளகம் வீசத் தொடங்கிய கிழமை
குத்தகை புதுப்பித்தார்கள்.
பதினேழுக்குக் கட்டினேன்.
பதினெட்டுக்கும்,
"அவர் தந்துவிட்டவர்."
அக்கா காசை இரண்டு தரம் எண்ணினா,
பிறகு துண்டு பார்க்க எழும்பினா.

கன்று இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது.
"இது என்ன?"
"வெண்டி."

பலாவின் இளம் இலையும் சிலவேளை
வெண்டி இலைபோல வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.
ஆனால் அக்கா ஒட்டுசுட்டானில் பிறந்தவ.
பலாக்கொட்டை சுட்டுத் தின்று வளர்ந்தவ.

குனிந்து பார்த்தா.
பேனையை உதறி உதறி எழுதினா.
எட்டிப் பார்த்தேன்:
18 – மரவள்ளி, வெண்டி.

பத்தொன்பதுக்குப் போகத் திரும்பியவ நின்று,
"சுவர் கிட்டவாயிருக்கு.
உம்மடை வெண்டியின்ரை வேர் போய்
அதை வெடிக்கப் பண்ணாமல் பாரும்" என்றா.